டொக்கோனோமா

டொக்கோனோமா என்பது, மரபுவழி ஜப்பானிய வீடுகளில் அலங்காரப் பொருட்களைக் காட்சிக்கு வைப்பதற்கென்றே அமைக்கப்படும் ஒரு சுவர்மாடம் ஆகும். தத்தாமி எனப்படும் பாய்கள் பதிக்கப்பட்ட வரவேற்பு அறையின் ஒரு பக்கத்தில், சுவரிலிருந்து உட்புறமாக ஒதுங்கியும், தரைமட்டத்திலிருந்து சற்று உயர்ந்தும் இது காணப்படும். சுவரில் ஒரு தொங்கு சுருள், அதன் முன்னே ஒரு மலர் அமைப்பு அல்லது ஒரு சிறு கலைப்பொருள் என்ற அளவிலேயே இதில் பொருட்கள் வைக்கப்படுகின்றன. அறையின் பிற பகுதிகள் பெரும்பாலும் வெறுமையாக விடப்படுகின்றன.

பல நாட்டு வீடுகளில் அலங்காரப் பொருட்கள் சுவர்கள், அலுமாரிகள், மேசைகள் எனப் பல இடங்களிலும் பரவலாக வைக்கப்படுகின்றன. ஜப்பானிய மரபில் அவை ஓரிடத்தில் மட்டும் வைக்கப்பட்டுப் பருவம், விழா, வரவிருக்கும் விருந்தினர் என்பவற்றுக்கு ஏற்ப மாற்றப்படுகின்றன. அப்போது தேவைப்படாதவை பெட்டிகளில் இட்டுப் பாதுகாக்கப்படுகின்றன. இதனால், வீட்டு உள்ளக வடிவமைப்பில் அலங்காரப் பொருட்களின் பயன்பாடு குறித்துப் படிப்போருக்கு டொக்கோனோமா ஒரு சிறந்த எடுத்துக்காட்டாக விளங்குகின்றது.

பெயர்

ஜப்பானிய மொழியில் "டொக்கோ" என்பது உயர்த்தப்பட்ட தரை அல்லது படுக்கை என்றும், "மா" என்பது இடம் அல்லது அறை என்றும் பொருள்படும். பேச்சு வழக்கில் இம்மாடத்தைச் சுருக்கமாக "டொக்கோ" என்றே குறிப்பிடுவது உண்டு.

வரலாறு

தோற்றம்

டொக்கோனோமாவின் தொடக்கம் முரோமாச்சிக் காலத்தைச் (1336–1573) சேர்ந்தது. அக்காலத்தில் பௌத்த சமய ஓவியச் சுருள்களைச் சுவரில் தொங்கவிட்டு, அவற்றின் முன் ஒரு தாழ்வான பலகையில் தூபக்கால், மெழுகுதிரித் தாங்கி, பூச்சாடி ஆகிய மூன்றையும் வைக்கும் வழக்கம் இருந்தது. இம்மூன்றும் சேர்ந்த தொகுதி மிட்சுகுசோக்கு எனப்பட்டது. நாளடைவில் இப்பலகை சுவரோடு இணைந்த நிலையான அமைப்பாக மாறியது. ஓஷிஇத்தா எனப்பட்ட இவ்வமைப்பே டொக்கோனோமாவுக்கு முன்னோடியாகக் கருதப்படுகின்றது. வழிபாட்டுக்கு உரிய இடமாக இருந்தது, இவ்வாறு படிப்படியாகக் கலைப்பொருட்களைக் கண்டு மகிழும் இடமாயிற்று.

ஆட்சியாளரான அஷிகாகா யோஷிமசா (1436–1490) சீனாவிலிருந்து வந்த ஓவியங்களையும் மட்கலங்களையும் விரும்பிச் சேகரித்தவர். அவரது குடும்பத்தின் சேகரிப்புகளைக் கவனித்து வந்த நோவாமி, அவரது பேரர் சோவாமி ஆகியோருடன் தொடர்புபடுத்தப்படும் "குண்டாய்கன் சோச்சோக்கி" என்னும் கைநூல், சீன ஓவியர்களைத் தரம் பிரித்துக் காட்டுவதுடன், அறைகளில் எப்பொருளை எங்கு வைக்கவேண்டும் என்பதையும் விளக்குகின்றது. கியோத்தோவில் உள்ள கிங்காக்குஜியின் தோகூதோ மண்டபம் 1486 ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. இதிலுள்ள நாலரைப் பாய் அளவுள்ள சிற்றறையில், சுவரோடு இணைந்த எழுதுபலகையும், மட்டம் மாறி அமைந்த தட்டுகளும் இன்றும் உள்ளன. இவ்வறையில் டொக்கோனோமா இல்லை. எனினும், பின்னர் டொக்கோனோமாவுடன் சேர்ந்து ஷோயின் என்னும் கட்டிடப் பாணியை உருவாக்கிய கூறுகளின் பழைய வடிவத்தை இங்கே காணலாம்.

தேநீர்ச் சடங்கின் தாக்கம்

16 ஆம் நூற்றாண்டில் தேநீர்ச் சடங்கின் வளர்ச்சியுடன் டொக்கோனோமாவின் தன்மை பெரிதும் மாறியது. தேநீர்க் கலை வல்லுனரான சென் நோ ரிக்கியூ (1522–1591) விலையுயர்ந்த சீனப் பொருட்களுக்குப் பதிலாக மூங்கில் பூக்குழல் போன்ற எளிய பொருட்களையும் பயன்படுத்தினார். கியோத்தோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே யமசாக்கியில் உள்ள தையான் என்னும் தேநீர்க் குடில் அவரால் அமைக்கப்பட்டதாகக் கருதப்படுகின்றது. இதன் தேநீர் அறை இரண்டு பாய் அளவு மட்டுமே கொண்டது. எனினும் அதிலும் ஒரு டொக்கோனோமா உண்டு. அதன் உட்புற மூலைகளும் மேற்பகுதியும் மண் பூச்சினால் மூடப்பட்டு, ஒரு குகை போலத் தோன்றுகின்றன.

ரிக்கியூவைப் பற்றி ஒரு கதை வழங்கி வருகின்றது. அவரது தோட்டத்தில் காலை மலரும் ஒருவகைப் பூக்கள் நிறைந்திருப்பதைக் கேள்வியுற்ற ஆட்சியாளர் தொயோத்தோமி ஹிதெயோஷி, அவற்றைக் காண ஒருநாள் காலையில் வந்தார். தோட்டத்தில் ஒரு பூவும் இல்லை, எல்லாம் வெட்டப்பட்டிருந்தன. சினத்துடன் தேநீர் அறைக்குள் நுழைந்த அவர், டொக்கோனோமாவில் ஒரேயொரு பூ வைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். இக்கதையின் உண்மைத்தன்மை எவ்வாறாயினும், ஒன்றைக் காட்டுவதற்காக மற்றவற்றை விலக்குதல் என்னும் இம்மரபின் அடிப்படையை விளக்க இது இன்றும் எடுத்தாளப்படுகின்றது.

பரவல்

எடோ காலத்தில் (1603–1868) டொக்கோனோமா ஆட்சியாளர்கள், சாமுராய்கள் ஆகியோரின் இல்லங்களில் உயர்நிலையின் அடையாளமாக விளங்கியது. பொதுமக்கள் ஆடம்பரமாக வீடு கட்டுவதற்குப் பல கட்டுப்பாடுகள் இருந்தன. 1868 ஆம் ஆண்டில் மெய்ஜி ஆட்சி தொடங்கியபின் இத்தகைய தடைகள் நீங்கின. அதன்பின் டொக்கோனோமா சாதாரணக் குடும்பங்களின் வீடுகளிலும் பரவலாக இடம்பெறலாயிற்று.

அமைப்பு

டொக்கோனோமாவின் அகலம் பொதுவாக ஒரு பாயின் நீளம், அதாவது ஏறத்தாழ 1.8 மீட்டர் ஆகும். ஆழம் ஏறத்தாழ 45 முதல் 90 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். இதன் முக்கிய உறுப்புகள் பின்வருமாறு:

டொக்கோபஷிரா: மாடத்தின் ஒரு பக்கத்தில் நிற்கும் தூண். அறையின் ஏனைய தூண்கள் சதுரமாக இழைக்கப்பட்டிருக்க, இது பெரும்பாலும் இயற்கையான உருண்டை வடிவிலோ, பட்டை நீக்கப்படாமலோ விடப்படுகின்றது. கியோத்தோவுக்கு வடக்கே கிதயாமாப் பகுதியில் வளர்க்கப்படும் சுகி மரத்தின் வழவழப்பான தூண்கள் இதற்குப் பெயர் பெற்றவை.

டொக்கோகமாச்சி: உயர்த்தப்பட்ட தரையின் முன்விளிம்பில் உள்ள மரச்சட்டம். அரக்கு மெருகு பூசப்பட்டதாகவும் இருக்கலாம்.

ஒத்தோஷிகாக்கே: மாடத்தின் முன்புறம் மேலே அமைந்த குறுக்குச் சட்டம். தரையில் அமர்ந்திருப்போரின் கண்ணுக்குச் சுருள் மாட்டப்பட்டுள்ள கொக்கி தெரியாதவாறு இது மறைக்கின்றது.

சிகாய்தனா: டொக்கோனோமாவை அடுத்துள்ள பகுதியில், ஒன்றுக்கொன்று மட்டம் மாறி அமைந்த தட்டுகள். சிறு கலைப்பொருட்களையும் எழுதுபொருட்களையும் வைக்க இவை பயன்படும்.

கூரையின் உட்புறச் சட்டங்கள் டொக்கோனோமாவைக் குத்துவது போல அதை நோக்கிச் செல்லக்கூடாது என்பது கட்டுநர்கள் கடைப்பிடிக்கும் ஒரு மரபு. அவை மாடத்துக்கு இணையாகவே அமைக்கப்படுகின்றன.

வைக்கப்படும் பொருட்கள்

தொங்கு சுருள்

ககேமொனோ அல்லது ககேஜிக்கு எனப்படும் தொங்கு சுருளே டொக்கோனோமாவின் முதன்மைப் பொருள் ஆகும். தாளில் அல்லது பட்டுத் துணியில் வரையப்பட்ட ஓவியம் அல்லது தூரிகை எழுத்து, பல அடுக்குத் தாள்கள் மீது ஒட்டப்பட்டுத் துணி ஓரங்களுடன் ஆக்கப்படுகின்றது. கீழ் முனையில் உள்ள உருளைக்கட்டை, சுருள் நேராகத் தொங்குவதற்கு வேண்டிய எடையைத் தருகின்றது. அதே கட்டையில் சுற்றியே சுருள் மடக்கப்படுகின்றது. சட்டமிட்ட ஓவியத்தை அடிக்கடி மாற்றுவது கடினம். சுருளோ சில நிமிடங்களில் மாற்றத்தக்கது. சிறிய பெட்டியில் அடங்குவது. பருவத்துக்குப் பருவம் காட்சியை மாற்றும் வழக்கத்தை இந்த வசதியே நடைமுறையில் இயலச் செய்தது.

சுருள்கள் கிரி எனப்படும் எடை குறைந்த மரத்தாலான பெட்டிகளில் வைக்கப்படுகின்றன. நீண்டகாலம் தொடர்ந்து தொங்கவிட்டால் ஒளியினாலும் ஈரப்பதத்தினாலும் தாளும் நிறங்களும் கெடும். ஆகவே, மாற்றி மாற்றி வைத்தல் என்பது அழகு சார்ந்த வழக்கம் மட்டுமன்றி, பொருளைப் பாதுகாக்கும் முறையும் ஆகும்.

மலர் அமைப்பு

இக்கெபானா என்னும் ஜப்பானிய மலர் அமைப்புக் கலையின் வளர்ச்சி டொக்கோனோமாவுடன் நெருங்கிய தொடர்புடையது. மாடத்தின் மூன்று பக்கங்களும் மூடியிருப்பதால், அதில் வைக்கப்படும் மலர் முன்புறத்திலிருந்து மட்டுமே பார்க்கப்படும். இதனால் மரபான மலர் அமைப்புகள் பல, ஒரு முகப்பைக் கொண்டவையாகவே அமைந்தன. மேசையின் நடுவில் வைத்து நாற்புறமும் பார்க்கும் மேனாட்டு மலர்க்கொத்திலிருந்து இது வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பருவங்களும் விழாக்களும்

புத்தாண்டில் உதயசூரியன், கொக்கு, தேவதாரு போன்ற நற்குறிகளைக் கொண்ட சுருள்களும், ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்ட இரண்டு அரிசி மாவு உருண்டைகளும் இடம்பெறுகின்றன. வசந்தத்தில் செர்ரி மலர்களும், இலையுதிர் காலத்தில் சிவந்த மேப்பிள் இலைகளும் நிலவும் ஓவியங்களில் இடம்பெறும். கோடையில் அருவி ஓவியம், பார்ப்போருக்குக் குளிர்ச்சியான உணர்வைத் தரும் என்று கருதப்படுகின்றது. மார்ச் 3 ஆம் நாள் பெண் குழந்தைகளுக்கான விழாவில் பொம்மைகளும், மே 5 ஆம் நாள் விழாவில் சாமுராய்த் தலைக்கவசமும் வைக்கப்படுவது உண்டு. இறந்தோரை நினைவுகூரும் நாட்களில் பௌத்த சமயச் சுருள்கள் தொங்கவிடப்படுகின்றன.

அலங்கரிக்கும் நெறிகள்

ஒரே கருவைத் திரும்பக் கூறாமை: ஒக்ககுரா ககுசோ 1906 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் எழுதிய தேநீர் பற்றிய நூலில் இந்நெறியை வலியுறுத்துகின்றார். உண்மையான மலர் வைக்கப்படும்போது, மலர் ஓவியம் தொங்கவிடப்படுவதில்லை. நிறம், வடிவம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

சமச்சீரின்மை: சாடியோ தூபக்காலோ மாடத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் வகையில் நடுவில் வைக்கப்படுவதில்லை என்றும் அவர் குறிப்பிடுகின்றார். சமய வழிபாட்டுக்கான பழைய அமைப்புகள் இதற்கு விலக்காகச் சமச்சீராக இருந்தன.

பார்வை உயரம்: தரையில் அமர்ந்திருக்கும் ஒருவரின் கண்கள் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் குறைந்த உயரத்திலேயே இருக்கும். சுருளின் உயரமும் சாடியின் அளவும் இதற்கு ஏற்பவே தீர்மானிக்கப்படுகின்றன. நின்றபடி அல்லது நாற்காலியில் அமர்ந்து பார்க்கும்போது இதே அமைப்பு தாழ்வாகத் தோன்றும்.

ஒளி: தாள் ஒட்டிய சாளரங்களின் ஊடாக வரும் மங்கலான ஒளி, மாடத்தின் உட்பகுதியை நிழலிலேயே விட்டுவிடுகின்றது. எழுத்தாளர் தனிசாக்கி ஜுனிச்சிரோ, 1933 இல் வெளிவரத் தொடங்கிய நிழலின் அழகு பற்றிய தமது கட்டுரையில், டொக்கோனோமாவின் அழகு இந்நிழலிலேயே தங்கியுள்ளது என்று கருதினார்.

காலம்: முறையான தேநீர் விருந்தில் முதற் பகுதியில் சுருள் மட்டும் தொங்கவிடப்படுகின்றது. இடைவேளையில் அது அகற்றப்பட்டு, இரண்டாம் பகுதியில் மலர் வைக்கப்படுகின்றது. இதனால் ஒவ்வொன்றும் தனித்தனியே கவனம் பெறுகின்றது.

அமரும் ஒழுங்கு

டொக்கோனோமாவுக்கு அருகில் உள்ள இருக்கை அறையில் மிக மதிப்புக்குரியது. முதன்மை விருந்தினர் அதற்கு முதுகு காட்டியவாறு அமர்த்தப்படுகின்றார். வீட்டுக்காரர் தமது உடைமைகளைப் பெருமைக்காகக் காட்டுகின்றார் என்ற எண்ணம் ஏற்படாதிருக்க இவ்வாறு செய்யப்படுவதாக விளக்கம் கூறப்படுகின்றது. விருந்தினர் அமருமுன் மாடத்தின் முன் சென்று அதைப் பார்ப்பது தேநீர்ச் சடங்கில் மரபு. மாடத்தின் மீது கால் வைத்து ஏறுவது முறையற்ற செயலாகும்.

வகைகள்

மேலே விளக்கப்பட்ட முழுமையான வடிவம் ஹொன்டொக்கோ எனப்படும். தரை உயர்த்தப்படாமல், பாய்களின் மட்டத்திலேயே பலகை பதிக்கப்பட்டது ஃபுமிகோமிடொக்கோ ஆகும். சுரிடொக்கோவில் மேற்பகுதி மட்டும் கூரையிலிருந்து தொங்கும் வகையில் இருக்கும். கீழே தனியான தரை இராது. சுவரின் மேற்புறத்தில் ஒரு பலகை மட்டும் பொருத்தப்பட்டது ஒரிபெடொக்கோ. தேவையானபோது எடுத்து வைக்கக்கூடிய மேடை வடிவிலானது ஒக்கிடொக்கோ. இடம் குறைந்த வீடுகளுக்குப் பின்னைய மூன்றும் ஏற்றவை.

மேனாட்டார் பார்வை

அமெரிக்க விலங்கியலாளரான எட்வர்ட் மோர்ஸ், ஜப்பானிய வீடுகள் பற்றி 1886 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் டொக்கோனோமாவை விரிவாக விவரித்துள்ளார். பலவகைப் பொருட்களால் நிறைந்திருந்த அக்கால அமெரிக்க அறைகளுடன் ஜப்பானிய அறையின் எளிமையை அவர் ஒப்பிட்டார்.

விமர்சனமும் இன்றைய நிலையும்

எட்டுப் பாய் கொண்ட ஓர் அறையின் பரப்பளவு ஏறத்தாழ 13 சதுர மீட்டர். இதனுடன் ஒரு பாய் அளவுள்ள டொக்கோனோமாவைச் சேர்ப்பதற்கு மேலும் 1.6 சதுர மீட்டர் தேவை. வேறு எதற்கும் பயன்படாத இவ்விடம், சிறிய வீடுகளில் ஒரு பெரும் செலவாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கடுமையான வீட்டுப் பற்றாக்குறை ஏற்பட்டபோது இப்பிரச்சினை முன்னுக்கு வந்தது. ஜப்பானின் முதல் பெண் கட்டிடக்கலைஞர்களுள் ஒருவரான ஹமகுச்சி மிஹோ, 1949 இல் வெளியிட்ட நூலில், விருந்தினரையும் தகுதியையும் முதன்மைப்படுத்திய மரபுவழி வீட்டமைப்பை நிலவுடைமைக் காலத்தின் எச்சம் என விமர்சித்தார். நல்ல வெளிச்சமும் காற்றும் உள்ள அறை எப்போதாவது வரும் விருந்தினருக்கும், வசதி குறைந்த சமையலறை நாள்தோறும் உழைக்கும் பெண்களுக்கும் ஒதுக்கப்பட்டிருந்த நிலையே இத்தகைய விமர்சனங்களின் பின்னணியாகும். 1951 ஆம் ஆண்டில் பொது வீட்டுத் திட்டங்களுக்காக உருவாக்கப்பட்ட "51சி" என்னும் சிறு வீட்டு வடிவமைப்பில், உண்பதற்கும் உறங்குவதற்கும் வெவ்வேறு இடங்களை ஒதுக்குவதே முதன்மை நோக்கமாக இருந்தது.

இன்று புதிதாகக் கட்டப்படும் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் பாய் அறையே இருப்பதில்லை. டொக்கோனோமா உள்ள பழைய வீடுகள் சிலவற்றிலும், அது தொலைக்காட்சிப் பெட்டி வைக்கும் இடமாகவோ, பொருட்களைச் சேமிக்கும் இடமாகவோ மாறியுள்ளது. மறுபுறம், தேநீர் அறைகள், மரபுவழி விடுதிகள், கோயில்கள் ஆகியவற்றில் இது தொடர்ந்து பேணப்படுகின்றது. மாடம் இல்லாத வீடுகளில், நுழைவாயிலில் உள்ள காலணி அலுமாரியின் மேற்புறத்தில் ஒரு சாடியையோ சிறு பொம்மையையோ வைத்துப் பருவத்துக்கு ஏற்ப மாற்றுவோரும் உள்ளனர். இத்தகைய வீடுகளில் டொக்கோனோமாவின் கட்டிடக் கூறுகள் எவையும் இல்லை. பொருட்களைத் தெரிந்தெடுத்து, ஓரிடத்தில் வைத்து, காலத்துக்கு ஏற்ப மாற்றும் வழக்கம் மட்டும் எஞ்சியுள்ளது.