வெந்நீரும் வைத்தியமும்

பண்டாரவளையிலிருந்து எல்லவுக்குப் பஸ்ஸில் செல்வோர் அண்மைக் காலமாக ஒரு சொல்லை வழிநெடுகிலும் காணலாம். விடுதிகளின் விளம்பரப் பலகைகளில் எல்லாம் அது நிற்கிறது. 'ஸ்பா' என்பதே அச்சொல்.

சென்ற தவணையில் என் வகுப்பு மாணவன் ஒருவன் இதனையொட்டி ஒரு கேள்வி கேட்டான். "சேர், ஸ்பாவுக்குப் போனால் முழங்கால் வலி மாறுமா?" வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. பாடம் முடிந்த பின்னர் அவனைத் தனியே அழைத்து விசாரித்தேன். அவனுடைய தாயார் ஹாலிஎலைக்கு அண்மையிலுள்ள தோட்டம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறிப்பவர். மலைச்சரிவில் ஏறியும் இறங்கியும் முழங்கால்கள் இரண்டும் பழுதாகிவிட்டன. இரவில் வலியினால் உறக்கம் இல்லை. அவனுடைய அக்காவோ எல்லப் பக்கத்து விடுதி ஒன்றின் ஸ்பாவில் வேலை செய்கிறாள். வெளிநாட்டிலிருந்து வருவோரின் கால்களை வெந்நீரில் கழுவி, எண்ணெய் தேய்த்து, நீவி விடுவது அவள் தொழில். யாரோ ஒருவருடைய கால்வலி அக்காவின் கையால் மாறுமானால் அம்மாவின் கால்வலியும் மாறாதா என்பதே பையனின் எண்ணம்.

நியாயமான கேள்விதான். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை சொல்ல இயலவில்லை.

ஸ்பா என்பது உண்மையில் ஓர் ஊரின் பெயர். பெல்ஜியம் நாட்டிலே மலையும் காடும் சூழ்ந்த அச்சிற்றூரில் இரும்புச் சத்துள்ள நீரூற்றுகள் உண்டு. நோயாளிகள் அந்நீரைப் பருகவும் அதிலே நீராடவும் நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஐரோப்பா எங்கணுமிருந்து அங்கே திரண்டனர். ஊரின் பெயரே பின்னர் மருத்துவ நீராட்டுக்குப் பொதுப்பெயராயிற்று. இத்தகைய பதினொரு ஊர்களை 2021 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. பழைய நாளில் இவ்வூர்களுக்குச் சென்றவர்கள் வாரக்கணக்கிலே தங்கி வைத்தியம் செய்துகொண்டார்கள். இக்காலத்து 'பகல் ஸ்பா'வுக்கோ இரண்டு மணி நேரம் போதும். காலையிற் சென்று, குளித்து, உடம்பைப் பிடித்துவிடச் செய்து, பகலுணவுக்கு வீடு திரும்பிவிடலாம். கட்டணம் மட்டும் குறையவில்லை!

ஆதியில் இது பணக்காரரின் பொழுதுபோக்காக இருந்ததில்லை என்பதை நம் மாணவர்கள் அறிதல் வேண்டும். உரோமாபுரியிலே கி.பி. 216 இல் திறக்கப்பட்ட கரகல்லாவின் நீராட்டு மண்டபத்தில் ஒரே வேளையில் ஏறத்தாழ 1600 பேர் நீராடலாம். குளிர்நீர், இளஞ்சூட்டு நீர், வெந்நீர் என மூன்றுக்கும் தனித்தனி அறைகள் இருந்தன. தரைக்கு அடியிலே அனற்காற்று ஓடிற்று. பேரரசர்கள் கட்டிய இத்தகைய மண்டபங்களுக்குள் நுழைவதற்கு உரோமர் செலுத்திய கட்டணம் புழக்கத்திலிருந்த மிகச் சிறிய செப்புக் காசளவே. சுமை தூக்கியவனும் அங்கே குளித்தான்.

நம் பக்கத்துக் கதை இதனினும் பழையது. பௌத்த வினய நூல்களின்படி, வைசாலியிலிருந்த துறவிகள் ஊட்டமான உணவினால் நோயுற்றபோது, அவர்களுக்கு நடைபாதையும் வெப்ப நீராட்டறையும் வேண்டுமென மருத்துவர் ஜீவகர் புத்தரிடம் விண்ணப்பித்தார், புத்தரும் இசைந்தார். சரகரின் ஆயுர்வேத நூலோ உடலுக்கு வெம்மையூட்டி வியர்க்கச் செய்யும் முறைகளுள் தீயின் துணைகொண்டு செய்வனவாகப் பதின்மூன்றைக் கூறுகிறது. மருந்துக் கஷாயம் நிறைந்த தொட்டியில் நோயாளியை அமர்த்துவதும் அவற்றுள் ஒன்று.

அத்தகைய தொட்டியைக் கண்ணாற் காண விரும்புவோர் மிகிந்தலைக்குச் செல்லலாம். மலையடிவாரத்தில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த வைத்தியசாலை ஒன்றின் அடித்தளம் இருக்கிறது. அங்கே ஏறத்தாழ ஏழடி நீளமுள்ள ஒரே கல்லைக் குடைந்து, தலை, தோள், கால் யாவும் பொருந்தும்படி மனித வடிவிற் பள்ளம் செய்திருக்கிறார்கள். நோயாளியை அதிலே கிடத்தி மருந்தெண்ணெயோ மூலிகை நீரோ நிரப்பினார்கள் என்பது தொல்லியலாளர் கருத்து. பொலநறுவையிலும் இத்தகைய தொட்டி உண்டு. கல்லூரிச் சுற்றுலாவில் மாணவரோடு மிகிந்தலைக்குச் சென்றபோது அந்தத் தொட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். எத்தனை நோயாளிகளின் முதுகு அந்தக் கல்லை உராய்ந்ததோ!

தமிழர் வீடுகளில் இதற்குக் கல் தொட்டி தேவைப்படவில்லை. சனிக்கிழமை எண்ணெய் முழுக்கும், தீபாவளி விடியலில் நல்லெண்ணெயும் வெந்நீரும், பிள்ளை பெற்றவளுக்கு நொச்சியும் மஞ்சளும் அவித்த நீரும், தடிமன் பிடித்தவனுக்குப் போர்வைக்குள்ளே வேது பிடித்தலும் நம் பாட்டிமார் நடத்திய வைத்தியசாலையின் பிரிவுகளே. மலைநாட்டிலே நொச்சி கிடைக்காத இடத்தில் யூகலிப்டஸ் இலையை அவித்தார்கள். ஆயினும் லயத்திலே வாழ்வோருக்கு அன்றாடக் குளியல் பீலியிலேதான். ஓடையிலிருந்து குழாய்வழி இறங்கி, எலும்பும் சில்லிடும்படி விழும் தண்ணீர் அது. பவேரியாவைச் சேர்ந்த செபஸ்தியான் நைப் என்ற பாதிரியார் குளிர்நீர் வைத்தியத்தைப் பற்றி 1886 இல் ஒரு நூல் எழுதிப் பெரும் புகழ் பெற்றார். அப்பாதிரியார் மார்கழி மாதத்து விடியலில் எங்கள் பீலிக்கரையைக் கண்டிருப்பாராயின் நூலின் சில பக்கங்களையேனும் திருத்தியிருப்பார்!

வெந்நீரை இயற்கையே காய்ச்சித் தரும் இடங்களும் நம் நாட்டில் உண்டு. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, பதியத்தலாவை வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் வீதியிலே மகாஓயா என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள ஊற்றுகளிற் சில கைவைக்க இயலாத சூடு; வெப்பம் 50 பாகை செல்சியஸுக்கும் மேல். திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் தொலைவிலுள்ள கன்னியாவை அறியாத தமிழர் இலர். அங்கே அருகருகே ஏழு சிறு கிணறுகள். ஒவ்வொன்றிலும் சூடு சற்றே வேறுபடும். இறந்த தாய்க்கு ஈமக்கடன் செய்ய நீர் வேண்டி இராவணன் ஏழிடங்களில் நிலத்தைக் குத்தினான் என்பது ஊர் வழக்கு. அந்தணர் வேடத்தில் வந்த திருமாலே ஊற்றுகளைத் தோற்றுவித்தார் என்பாரும் உளர். எவ்வாறாயினும் பெற்றோரை இழந்த பிள்ளைகள் இன்றும் அங்கு சென்று கடன் கழிக்கிறார்கள். இவ்விடத்தின் உரிமை பற்றி 2019 இல் திருகோணமலை மேல் நீதிமன்றத்தில் வழக்கு எழுந்ததைப் பத்திரிகை வாசகர் அறிவர். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

இந்நாட்டில் இன்று எரிமலை கிடையாது. பின்னர் நீர் எவ்வாறு சுடுகிறது? மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீற்றர் இறங்கினால் வெப்பம் பொதுவாக 25 முதல் 30 பாகை வரை ஏறும். அவ்வாறு சூடேறிய நீர் வேறொரு வெடிப்பினூடாக மேலெழுந்து ஊற்றாகிறது. இலங்கையின் வெந்நீரூற்றுகளிற் பெரும்பாலானவை உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி என்னும் இரு பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லையை ஒட்டியே அமைந்திருப்பது இதனாலேதான் என்பர் புவியியலாளர்.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். நோய் மாறுமா?

நீருக்குள் இறங்கிய உடம்பு எடை இழப்பதாகத் தோன்றும் என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி. மார்பளவு நீரிலே நிற்பவரின் கால்கள் தாங்க வேண்டிய பாரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. தரையிலே மடக்க முடியாத முழங்காலை நீரிலே மடக்கலாம். வெம்மை இரத்தக் குழாய்களை விரிக்கிறது. இறுகிய தசை தளர்கிறது. மூட்டுத் தேய்வுள்ளவர்கள் நீருக்குள் பயிற்சி செய்தால் வலி சிறிதளவு குறைகிறது என ஆய்வுகள் காட்டுகின்றன. தேய்ந்த மூட்டு அதனால் புதிதாக வளர்வதில்லை. நீரிலுள்ள கந்தகமும் உப்பும் தோல்வழி புகுந்து நோயை வேரறுக்கும் என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் வரலாறு இதற்குச் சான்று. 1921 இல், தமது 39 ஆவது வயதில், போலியோ என்று கண்டறியப்பட்ட நோயினால் அவர் கால்களின் வலுவை இழந்தார். 1924 இல் ஜோர்ஜியா மாநிலத்து வெந்நீரூற்றுக்குச் சென்றார். ஏறத்தாழ 31 பாகை வெப்பமுள்ள அந்த நீரிலே அவரால் கால்களை அசைக்கவும் நிற்கவும் முடிந்தது. மகிழ்ச்சி மிகுதியால் 1926 இல் அவ்விடத்தையே விலைக்கு வாங்கி, தம்மைப் போன்ற நோயாளிகளுக்காக நிலையம் அமைத்தார். 1945 இல் அங்கேயே காலமானார். இருபது ஆண்டுக் காலம் அந்நீர் அவருக்கு ஆறுதலும் வலுவும் தந்தது. துணையின்றி நடக்கும் ஆற்றலை மட்டும் மீட்டுத் தரவில்லை.

காந்தியடிகளின் கதை வேறு வகை. 1927 நவம்பரிலே எங்கள் பதுளைக்கும் வந்து சென்ற அப்பெரியார் நீர் வைத்தியத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். பம்பாயில் வாழ்ந்த காலத்தில் பத்து வயது மகன் மணிலாலுக்குக் கடுஞ்சுரம் கண்டது. மருத்துவர் முட்டையும் கோழிச் சாறும் கொடுக்கச் சொன்னார். அடிகள் இசையாமல், இடுப்புக் குளியலும் ஈரத்துணிச் சுற்றும் கொண்டு மகனைப் பேணினார். மகன் பிழைத்தான். ஆனால், அது இறையருளாலா, நீர் வைத்தியத்தாலா, பத்தியத்தாலும் பணிவிடையாலுமா என்பதை யார் சொல்ல முடியும் என்ற கருத்தையே தம் சுயசரிதையில் அவர் எழுதிவைத்தார். அந்த நேர்மையையே நான் போற்றுகிறேன். அவர் செய்ததைப் பார்த்து இக்காலத்துப் பெற்றோர் சுரத்தில் கிடக்கும் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லாதிருப்பது பெரும் பிழை. அன்று இல்லாத மருந்துகள் இன்று இருக்கின்றன.

நீரிலே ஆபத்தும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள உரோமர் காலத்து வெந்நீர்த் தடாகத்தில் நீந்திய சிறுமி ஒருத்தி, நீரிலிருந்த அமீபா மூக்கின் வழியே மூளைக்குச் சென்றதால் 1978 இல் உயிரிழந்தாள். அங்கே குளிப்பது அதன் பின்னர் நிறுத்தப்பட்டது. புதிய நீராட்டகம் 2006 இல், ஆழ்துளைக் கிணற்றுத் தூய நீருடனேயே திறக்கப்பட்டது. ஆகவே வெந்நீரூற்றுக்குச் செல்லும் பிள்ளைகள் தலையை நீருக்குள் அமிழ்த்தாமல், வாளியால் மொண்டு குளிப்பதே நன்று. இதய நோயாளரும் கருவுற்ற தாய்மாரும் மிகுந்த சூட்டிலே அமர்தல் கூடாது.

இவற்றினும் முக்கியமான ஒன்றை நம் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டும். நீரிழிவுள்ளோரிற் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருக்கும். கொதிநீரில் கால் வெந்து போனாலும் அவர்களுக்குத் தெரியாது. சிறு கொப்புளம் ஈற்றிற் காலையே வாங்கிவிடும். அத்தகையோர் வைத்தியரைக் கேளாமல் வெந்நீரில் கால் வைத்தலே கூடாது. மற்றையோருக்கு நீரைப் பிறிதொருவர் முழங்கையால் தொட்டுப் பார்த்துத் தருவது நல்லது. முழங்கைக்கு இதமான சூடே காலுக்கும் போதும். கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

மாணவனிடம் நான் சொன்னது இதுதான். முதலில் தாயாரைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று முழங்காலைக் காட்டு. சீனி வியாதி உண்டா என்றும் பார். இல்லையென்றால் ஞாயிறு தோறும் ஒரு வாளி வெந்நீர் வை. முழங்காலில் வெந்நீர்த் துணியைச் சுற்றி, நாற்காலியில் அமர்ந்தபடியே காலை நீட்டி மடக்கச் சொல். அன்றைக்கு விறகுக்கும் தண்ணீருக்கும் அவரை அனுப்பாதே.

சில வாரங்களின் பின் பையன் வந்தான். ஆஸ்பத்திரியிற் காட்டியாயிற்று, மூட்டுத் தேய்வுதான், சீனி இல்லை. விடுமுறையில் வந்த அக்கா, தான் விடுதியிலே செய்வது போலவே அம்மாவை அமர்த்தி, பாதங்களை வெந்நீரில் வைத்து, எண்ணெய் தேய்த்து நீவிவிட்டாளாம். அம்மாவுக்கு முதலில் கூச்சம். பெற்ற மகள் காலைத் தொட்டுக் கழுவுவதா என்று மறுத்தாராம். சற்று நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு, "இதற்கு வெள்ளைக்காரர் எவ்வளவு கொடுக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார். மகள் தொகையைச் சொன்னாள். அது கொழுந்து மலையிலே அவருக்குப் பல நாட் சம்பளம். அம்மா திடுக்கிட்டுக் காலை வெளியே எடுத்துவிட்டாராம். இது காசு கொடுத்து வாங்கியதல்ல, நம் அடுப்பிலே சுட்ட தண்ணீர் என்று சொல்லி, இரு கால்களையும் பிடித்து மீண்டும் வாளிக்குள் வைக்க அக்காவுக்குப் பெரும்பாடாகிவிட்டது என்றான்.