ஒரே மாநிலம், மூன்று சர்க்கரைக் கணக்குகள்

தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய்? 2011-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வின் முதல் கட்டம் 10.4 விழுக்காடு என்றது. 2020-இன் ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பு 17.6 என்றது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் பெண்களுக்கு 20.7, ஆண்களுக்கு 22.1. மூன்றையும் வரிசையாக அடுக்கி ‘பத்தாண்டில் இரட்டிப்பு’ என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

இண்டியாப் ஆய்வு 20 வயதைக் கடந்தவர்களை வெறும் வயிற்றில் சோதித்தது. ஏற்கெனவே நோய் தெரியாதவர்களுக்குக் குளுக்கோஸ் கரைசல் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்தது. ஸ்டெப்ஸ் எடுத்துக்கொண்டது 18 முதல் 69 வயது வரை. குடும்பநல ஆய்வோ 15 வயதிலேயே தொடங்குகிறது. சாப்பிட்டு எவ்வளவு நேரமானாலும் சரி, விரல் நுனியில் ஒரு துளி ரத்தம்தான். 140 மில்லிகிராமைத் தாண்டினாலோ மாத்திரை சாப்பிட்டு வந்தாலோ கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். இட்லி சாப்பிட்ட சற்று நேரத்தில் நலமாக இருப்பவருக்கும் 140 தாண்டலாம். அதனால்தான் அந்த அறிக்கை ‘சர்க்கரை அளவு அதிகம்’ என்று மட்டும் சொல்கிறது. அதை நோயாக்கிவிடுவது செய்தித் தலைப்புகள். போதாததற்கு, அதன் முந்தைய சுற்றில் பெண்கள் 49 வயதோடும் ஆண்கள் 54 வயதோடும் நிறுத்தப்பட்டார்கள். முதியவர்களைப் புதிதாகச் சேர்த்துவிட்டு, நோய் கூடிவிட்டது என்பது என்ன நியாயம்?

எல்லைக்கோடு நகர்ந்தாலும் இதே கதைதான். 2017-இல் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் ரத்தக்கொதிப்பின் எல்லையை 140/90-இலிருந்து 130/80-க்கு இறக்கின. யாருடைய ரத்தக்குழாயிலும் எதுவும் மாறவில்லை. ஆனால் அந்நாட்டுப் பெரியவர்களில் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களின் பங்கு சுமார் 32-இலிருந்து 46 விழுக்காடானது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நல்ல சிகிச்சை நோயாளியை நீண்ட காலம் வாழவைக்கிறது. அப்போதும் விழுக்காடு ஏறும். ஆகவே எத்தனை பேருக்கு நோய் என்பதோடு, எத்தனை பேருக்கு அது கட்டுக்குள் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். ஸ்டெப்ஸ் தந்த பதில் அச்சமூட்டுகிறது: சர்க்கரை நோயாளிகளில் 10.8 விழுக்காட்டினர், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் வெறும் 7.3 விழுக்காட்டினர். என்னைப் பொறுத்தவரை, 17.6-ஐவிடப் பெரிய செய்தி இதுதான்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீடு தேடி மாத்திரை தருகிறது. அவசியமான பணி. ஆனால் அதன் பதிவேட்டில் இருப்பவர்கள் கண்டறியப்பட்டவர்கள் மட்டுமே. பகலில் வேலைக்குப் போய்விடும் ஆண்களில் பலரும், ஒருமுறைகூட ரத்தம் சோதிக்காதவர்களும் அதில் வரமாட்டார்கள். அந்தப் பதிவேட்டையே நோயின் அளவாக எடுத்துக்கொண்டால், சோதனை சரியாக நடக்காத வட்டாரம்தான் ஆரோக்கியமானதாகத் தெரியும். அடுத்த ஆண்டு மாத்திரை ஒதுக்கீட்டில் அதற்குத்தான் குறைவாகக் கிடைக்கும்.