கர்ப்பிணியின் உணவும் குழந்தையின் எடையும்

குழந்தை பிறந்ததும் ஆணா, பெண்ணா என்று கேட்பது நம் வழக்கம். எடை எவ்வளவு என்று கேட்போர் சிலரே. ஆயினும், அக்குழந்தை நோயின்றி வளருமா என்பதை முன்கூட்டி உணர்த்தும் அடையாளங்களுள் எடை முக்கியமானதாகும். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் சிசுவை எடை குறைந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிடுகிறது.

இவ்விஷயமாக மகாராஷ்டிரத்தில் புனே நகருக்கு அருகிலுள்ள ஆறு கிராமங்களில் 1993-ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சி நாம் அறியத்தக்கது. நாற்று நட்டது முதல் அறுவடை வரை ஒரே வயலைக் கவனித்துக் குறிப்பெடுக்கும் விவசாயியைப் போன்று, ஆராய்ச்சியாளர் மணமான பெண்களைக் கர்ப்பமுறுமுன்பே நிறுத்து அளந்தனர். கர்ப்ப காலத்தில் அவர்கள் உண்டதையும் செய்த வேலையையும் எழுதிக்கொண்டனர். பிறந்த குழந்தைகளை மூன்று நாட்களுக்குள் அளந்து, அவர்கள் வாலிபம் எய்தும்வரை தொடர்ந்து கவனித்தனர்.

அத்தாய்மார் பெரும்பாலும் விவசாயக் குடும்பத்தினர். கர்ப்பத்திற்கு முன் அவர்களுடைய சராசரி எடை சுமார் 42 கிலோ. உயரம் 152 சென்டிமீட்டர். குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தில் சவுதாம்டன் நகரக் குழந்தைகளுக்கோ 3.5 கிலோ. வியப்பு யாதெனில், நம் குழந்தைகளுக்குத் தசையே பெரிதும் குறைந்திருந்தது. தோலுக்கடியிலுள்ள கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. இவ்வமைப்பு பிற்காலத்தில் நீரிழிவுக்கு ஏதுவாகலாம் என்று கருதுகின்றனர்.

வயிறாரச் சோறு உண்டால் போதும் என்போர் இனி வருவதைக் கவனிக்க வேண்டும். தாய் உண்ட மொத்த ஆகாரத்தின் அளவுக்கும் குழந்தையின் எடைக்கும் தொடர்பு காணப்படவில்லை. கீரை, பழம், பால் ஆகியவற்றை அடிக்கடி உண்டவர்களுக்கே பெரிய குழந்தைகள் பிறந்தன. கீரையோ நம் கொல்லையிலேயே விளைவது. ஆனால் கட்டுக்கட்டாய்ச் சந்தைக்குப் போகிறது. பாலும் அவ்வாறே சங்கத்துக்குப் போய்விடுகிறது. மருமகளுக்கு எஞ்சுவது யாது?

மற்றொன்று. கர்ப்பத்தின் முற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் கடும் உழைப்பு மிகுந்த தாய்மாரின் குழந்தைகள் எடையிலும் தலைச் சுற்றளவிலும் சிறியனவாயிருந்தன. இவையெல்லாம் தொடர்பைக் காட்டுவனவேயன்றி, காரணம் இதுவே என்று முற்றும் நிரூபிப்பன அல்ல. எனினும், கர்ப்பிணி தண்ணீருக்காக நடக்கும் தூரத்தைக் குறைப்பது பஞ்சாயத்தினால் ஆகக்கூடிய காரியமே. அடுத்த குடிநீர்க் குழாயை எங்கே அமைப்பது என்று கூட்டத்தில் பேசும்போது, எந்தத் தெருவில் கர்ப்பிணிகள் இருக்கின்றனர் என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அங்கத்தினர்கள் முதலில் கேட்டறியலாம்.