ஜீப் வாங்கும் முன் மூங்கில் கழியோடு பாதைக்குப் போங்கள்!

மலைத்தோட்ட விவசாயிகளுக்கு ஒரு 'வீல்பேஸ்' கணக்கு

தாண்டிக்குடி, பன்றிமலை, கொல்லிமலை, போடிமெட்டு என்று மலையில் மிளகும் காபியும் வாழையும் ஏலமும் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு விளைவிப்பது பாதி வேலைதான். விளைந்ததைத் தார் ரோட்டுக்குக் கொண்டு வந்து சேர்ப்பது மீதிப் பாதி. தலைச்சுமைக்கு ஆள் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. அதனால் நகையை அடகு வைத்தோ, நான்கைந்து பேர் பங்கு போட்டோ ஒரு ஃபோர் வீல் ஜீப் வாங்கிவிடலாம் என்ற எண்ணம் பல குடும்பங்களில் இருக்கிறது.

வாங்கப் போகிறவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறார்கள், டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள், விலையைப் பேசுகிறார்கள். வீல்பேஸ் எவ்வளவு என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால், தோட்டத்துப் பாதையில் வண்டி நுழையுமா, சுமையோடு பத்திரமாகத் திரும்பி வருமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்த ஓர் அளவுதான்.

வீல்பேஸ் என்றால் என்ன?

முன் சக்கரத்தின் மையத்துக்கும் பின் சக்கரத்தின் மையத்துக்கும் இடையே உள்ள தூரம்தான் வீல்பேஸ். வண்டியின் மொத்த நீளம் வேறு, இது வேறு. பேச்சு வழக்கில் 'ஷார்ட் சேஸ்', 'லாங் சேஸ்' என்று சொல்வது இதைத்தான். ஆர்.சி. புத்தகத்திலும் இந்த அளவு மி.மீ. கணக்கில் இருக்கும்.

நம் ஊரில் அதிகம் புழங்கும் வண்டிகளின் அளவுகளைப் பார்க்கலாம்.

• வில்லிஸ் வழிவந்த பழைய சி.ஜே.3பி ஜீப் – 80 அங்குலம், அதாவது 2,032 மி.மீ.
• மாருதி ஜிப்ஸி – 2,375 மி.மீ.
• 2020-ல் வந்த மகேந்திரா தார் (மூன்று கதவு) – 2,450 மி.மீ.
• மாருதி ஜிம்னி (ஐந்து கதவு) – 2,590 மி.மீ.
• தார் ராக்ஸ் (ஐந்து கதவு) – 2,850 மி.மீ.
• பொலிரோ கேம்பர் வகை – சுமார் 3 மீட்டர்

இந்த வண்டிகள் சிலவற்றில் ஃபோர் வீல் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டு மீட்டருக்கும் மூன்று மீட்டருக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரே ஒரு மீட்டர்தான். அந்த ஒரு மீட்டர் மேட்டில் என்ன செய்கிறது, வளைவில் என்ன செய்கிறது, சுமையில் என்ன செய்கிறது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

மேட்டில் வயிறு தட்டும்

முன் சக்கரம் மேட்டைத் தாண்டி இறங்கிவிட்டது; பின் சக்கரம் இன்னும் ஏறவில்லை. அந்த நேரத்தில் மேட்டின் உச்சி வண்டியின் வயிற்றுக்கு நேராக இருக்கும். வீல்பேஸ் நீளமாக இருந்தால் வயிறு தரையில் உட்கார்ந்துவிடும். சக்கரங்களுக்குப் பிடிமானம் போய், நான்கும் சுற்றினாலும் வண்டி நகராது.

இதற்கு நல்ல உதாரணம் ஜிம்னி. வெளிநாடுகளில் விற்கும் மூன்று கதவு ஜிம்னியின் வீல்பேஸ் 2,250 மி.மீ.; இங்கே விற்கும் ஐந்து கதவு ஜிம்னிக்கு 2,590 மி.மீ. இரண்டிலும் தரையிலிருந்து உள்ள உயரம் ஒன்றுதான், 210 மி.மீ. ஆனாலும் மேடு தாண்டும் கோணம் 28 டிகிரியிலிருந்து 24 டிகிரியாகக் குறைந்துவிட்டது. ஓர் அடிக்குச் சற்று அதிகமாக நீளம் கூடியதற்கு இத்தனை வித்தியாசம்.

இந்தச் சோதனையை வண்டியே இல்லாமல் செய்யலாம். வாங்க நினைக்கும் வண்டியின் வீல்பேஸ் அளவுக்கு நேரான மூங்கில் கழி ஒன்றை வெட்டிக்கொள்ள வேண்டும். பாதையில் உள்ள மோசமான மேட்டின் உச்சியில், கழியின் நடுப்பகுதி படும்படி, பாதையின் போக்கிலேயே வைக்க வேண்டும். இரண்டு முனைகளும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்குமாறு கழியைப் பிடித்துக்கொண்டு, அந்த உயரத்தை அளக்க வேண்டும். வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி இதைவிட அதிகமாக இருந்தால் வண்டி தாண்டும். குறைவாக இருந்தால் தட்டும்.

உதாரணமாக, இரண்டு பக்கமும் 5 அடிக்கு 1 அடி சரியும் கூரான மேடு என்று வைத்துக்கொள்வோம். 2 மீட்டர் கழியில் முனை உயரம் 20 செ.மீ. வரும். 3 மீட்டர் கழியில் அதே மேட்டில் 30 செ.மீ. வரும். சக்கரம் வட்டமாக இருப்பதால் சிறிது சலுகை கிடைக்கும். ஆனால், சுமை ஏற்றியதும் ஸ்பிரிங் அமுங்கி அந்தச் சலுகை போய்விடும்.

வளைவில் பின் சக்கரம் உள்ளே வெட்டும்

வளைவில் பின் சக்கரம், முன் சக்கரம் போன தடத்தில் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டுதான் வரும். 6 மீட்டர் ஆரத்தில் முன் சக்கரம் திரும்பினால், 2 மீட்டர் வீல்பேஸ் உள்ள வண்டியில் பின் சக்கரம் சுமார் 34 செ.மீ. உள்ளே வரும். 3 மீட்டர் வண்டியில் அதுவே சுமார் 80 செ.மீ. ஆகிவிடும். உள்பக்கம் கால்வாயோ பாறையோ இருந்தால் வண்டி அங்கே மாட்டும். பள்ளம் உள்பக்கமாக இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தாலும் நீள வண்டிக்குத் திரும்ப அதிக இடம் தேவை. முன் சக்கரம் 35 டிகிரி திரும்பும் என்று கணக்கிட்டால் 2 மீட்டர் வண்டிக்குச் சுமார் 3.5 மீட்டர் ஆரமும், 3 மீட்டர் வண்டிக்குச் சுமார் 5.2 மீட்டர் ஆரமும் வேண்டும். ஒரே மூச்சில் திரும்ப முடியாத கொண்டை ஊசி வளைவில் ரிவர்ஸ் எடுத்துத்தான் திரும்ப வேண்டும். சரிவில், சுமையோடு, மழை ஈரத்தில், பின்பக்கம் தெரியாமல் ரிவர்ஸ் எடுப்பதுதான் மலைப்பாதையில் மிகவும் ஆபத்தான நேரம்.

அப்படியானால் குட்டை ஜீப்தான் நல்லதா?

மேட்டுக்கும் வளைவுக்கும் நல்லது. சுமைக்கு நல்லதல்ல. பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

குட்டை ஜீப்பில் மூட்டைகள் வைக்கும் இடம் பின் அச்சுக்கு மேலும் அதற்குப் பின்னாலும்தான் இருக்கிறது. பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் 300 கிலோ மிளகு மூட்டையை வைத்தால், தராசு போல அது முன் சக்கரத்தைத் தூக்கும். 2 மீட்டர் வீல்பேஸ் வண்டியில் முன் சக்கரங்களில் 75 கிலோ எடை குறையும். 3 மீட்டர் வண்டியில், அச்சுக்கு 20 செ.மீ. முன்னால் அதே சுமையை வைத்தால் முன் சக்கரங்களில் எடை குறையாது. 20 கிலோ கூடும்.

ஏற்றத்தில் இது இன்னும் மோசமாகும். எந்த வண்டியும் மேலே ஏறும்போது எடை பின்பக்கம் சாயும். வண்டியின் எடை மையம் 70 செ.மீ. உயரத்தில் இருந்தால், 20 டிகிரி ஏற்றத்தில் 2 மீட்டர் வண்டியில் மொத்த எடையில் ஏறத்தாழ 12 சதவிகிதம் முன்னிருந்து பின்னுக்குப் போகும். 3 மீட்டர் வண்டியில் 8 சதவிகிதம்தான். இதோடு பின்னால் தொங்கும் சுமையும் சேர்ந்தால் முன் சக்கரங்களின் பிடி தளர்ந்துவிடும். ஏறும்போது ஸ்டீயரிங் திடீரென்று லேசானால், அது நல்ல அறிகுறி அல்ல. திருப்பினாலும் வண்டி திரும்பாத நிலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று பொருள்.

குட்டை ஜீப்பின் பின்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் தொங்கி வருவது மலையில் சாதாரணக் காட்சி. தொங்கும் ஒவ்வொருவரும் வண்டியின் முன்பக்கத்தை இன்னும் கொஞ்சம் தூக்குகிறார்கள். களையெடுக்கவும் பழம் பறிக்கவும் வரும் பெண்கள்தான் பெரும்பாலும் அந்த வண்டியில் இருக்கிறார்கள்.

யாருக்கு எது?

• தோட்டத்துக்குள்ளேயே ஓடும் குறுகிய பாதை, நெருக்கமான வளைவுகள், ஒரு நடைக்கு ஐந்தாறு மூட்டைக்குள் சுமை என்றால் 2 முதல் 2.45 மீட்டர் வரை உள்ள வண்டி பொருந்தும். கனமான மூட்டைகளை ஓட்டுநர் இருக்கையின் முதுகை ஒட்டி வைக்க வேண்டும். ஒரே நடையில் முடிக்க நினைக்காமல் இரண்டு நடையாக அடிக்க வேண்டும்.

• தார் ரோட்டில் சந்தைக்கு 20, 30 கி.மீ. ஓட்டம், தோட்டப் பாதை ஓரளவு அகலம், வாழைத்தார் போல இடம் அடைக்கும் சுமை என்றால் 3 மீட்டர் அளவுள்ள ஃபோர் வீல் பிக்-அப் நல்லது. சுமை இரண்டு அச்சுக்கும் இடையே உட்காரும்.

• குடும்பமும் போக வேண்டும், கொஞ்சம் சுமையும் வேண்டும் என்பவர்களுக்கு 2.5 முதல் 2.85 மீட்டர் வரை நடுத்தரம். இதிலும் கழிச் சோதனை அவசியம்.

பாதையைத் திருத்துவது மலிவு

கழியை வைத்துப் பார்த்து, ஓரிரு மேடுகள்தான் இடைஞ்சல் என்று தெரிந்தால், அதற்காகக் குட்டை வண்டி வாங்க வேண்டியதில்லை. மேட்டின் உச்சியை மண்வெட்டியால் சீவி, அந்த மண்ணை இரண்டு பக்கமும் இட்டு, கல் பதித்தால் போதும். இரண்டு ஆள் ஒரு நாள் வேலை. வளைவை அகலப்படுத்துவது அதைவிடக் கடினம். செங்குத்தான ஏற்றத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே ஏற்றத்தையும் வளைவையும் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேட்டை வண்டிக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளலாம். பாதை வனத்துறை நிலத்தின் வழியாகப் போனால் அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண்கூட வெட்டக்கூடாது.

விவசாயிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

பழைய ஜீப்பின் சேசிஸை வெட்டி நீட்டிக்கொள்ளலாமா?

கூடாது. பதிவில் உள்ள அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. வெல்டிங் செய்த இடம் மலைக் குலுக்கலில் விரியும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் டேப்பால் வீல்பேஸை இரண்டு பக்கமும் அளந்து ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் யாரோ வெட்டி ஒட்டியிருக்கலாம். இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறுபட்டால் அச்சு நகர்ந்திருக்கலாம், சேசிஸ் வளைந்திருக்கலாம்.

நீள வண்டி கவிழாது என்கிறார்களே?

பக்கவாட்டில் கவிழ்வதற்கும் வீல்பேஸுக்கும் பெரிய தொடர்பு இல்லை. இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலமும் சுமையின் உயரமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. வாழைத்தாரைக் கூரைக்கு மேல் அடுக்கினால் எந்த வண்டியும் சாயும்.

ஃபோர் வீல் போட்டால் எல்லாவற்றையும் சமாளிக்கலாமா?

ஃபோர் வீல் இழுவையைத் தரும். வயிற்றை உயர்த்தாது, வளைவைக் குறைக்காது. பழைய ஜீப்புகளில் காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலில் ஓட்டினால் கியர் பெட்டிக்கும் டயருக்கும் கேடு. சேற்றிலும் செங்குத்திலும் மட்டும் போட வேண்டும். இறக்கத்தில் லோ கியரில், பிரேக்கை மட்டும் நம்பாமல் இன்ஜின் பிடியில் இறங்க வேண்டும்.

சரக்கு வண்டியில் வேலையாட்களை ஏற்றலாமா?

சட்டப்படி தவறு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு இழப்பீடு கிடைப்பதிலும் சிக்கல் வரும். ஆட்கள் பயணிக்கப் பதிவான வண்டியில், அனுமதித்த எண்ணிக்கையில் மட்டுமே ஏற்ற வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

1. பாதையின் மோசமான மேட்டில் கழியை வைத்து அளக்கவும்.
2. மிக நெருக்கமான வளைவின் அகலத்தையும் உள்பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளவும்.
3. அறுவடைக் காலத்தில் ஒரு நடைக்கு எத்தனை கிலோ என்று எழுதவும்.
4. ஆர்.சி. அளவையும் டேப் அளவையும் ஒப்பிடவும்.
5. விற்பவர் சம்மதித்தால், அதே பாதையில், பாதிச் சுமையோடு, பகலில் ஒரு முறை ஓட்டிப் பார்க்கவும். சம்மதிக்காவிட்டால் வேறு வண்டி தேடவும்.