ஒரு கட்டை, நான்கு கட்டை

நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் 1914-இல் சிறு குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார் கேரலைன் பிராட். தச்சு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர். குழந்தைகள் விளையாட அவர் வடிவமைத்த மரக்கட்டைகள் 'யூனிட் பிளாக்ஸ்' என்ற பெயரில் இன்றும் பல நாட்டு மழலையர் பள்ளிகளில் இருக்கின்றன.

இவற்றில் வண்ணம் இல்லை, எழுத்து இல்லை, எண்ணும் இல்லை. கணக்கு முழுவதும் அளவில் இருக்கிறது. அடிப்படைக் கட்டையின் நீளம் 5½ அங்குலம். அகலம் அதில் பாதி. கனம் அகலத்தில் பாதி. அரைக்கட்டை, இரட்டைக்கட்டை, நான்கு மடங்கு நீளக்கட்டை எல்லாம் இந்த அளவை ஒட்டியவை. நான்கு கட்டைகளைப் படுக்கவைத்து அடுக்கினால், நிமிர்த்தி வைத்த ஒரு கட்டையின் உயரம் வந்துவிடும். இரண்டைப் பக்கவாட்டில் சேர்த்தால் சரியான சதுரம்.

நான்கு வயதுக் குழந்தை பாலம் கட்டுவதைக் கவனியுங்கள். இரண்டு கட்டைகளைத் தூணாக நிறுத்துகிறது. மேலே வைக்கும் கட்டை எட்டாமல் தொப்பென்று விழுகிறது. உடனே தூண்களை நெருக்கி வைக்கிறது, அல்லது நீளமான கட்டையைத் தேடுகிறது. இடைவெளியைக் கண்ணால் அளந்து, ஊகித்து, வைத்துப் பார்த்துத் திருத்துகிறது. சாலை போடும்போது இரட்டைக்கட்டைகள் தீர்ந்துபோனால், இரண்டு ஒற்றைக்கட்டைகளைச் சேர்த்து வைக்கிறது. பின்னம் என்ற சொல்லைக் கேட்பதற்கு முன்பே பாதியும் முழுதும் கைக்கு வந்துவிடுகின்றன.

இந்தக் கட்டுமானம் படிப்படியாக வளர்வதை 1933-இல் கல்வியாளர் ஹாரியட் ஜான்சன் விவரித்தார். முதலில் கட்டைகளைச் சும்மா தூக்கிச் சுமப்பது, அடுத்து வரிசையும் கோபுரமும், பிறகு பாலம், நான்கு பக்கமும் மூடிய அடைப்பு, இருபுறமும் ஒத்த அமைப்புகள். நிறைவாக, வீடு, ரயில் நிலையம் என்று தாம் கண்டதையே குழந்தைகள் கட்டத் தொடங்குகிறார்கள்.

பெரியவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். "இது எட்டுமா?", "எது உயரம்?", "ஏன் சாய்ஞ்சது?" என்று கேளுங்கள், விடையைச் சொல்லிவிடாதீர்கள். விழுவது விழட்டும். எங்கே எடை தாங்கவில்லை என்பதை அந்தச் சரிவுதான் காட்டும்.

ஊர்த் தச்சரிடமே இந்தக் கட்டைகளைச் செய்து வாங்கிக்கொள்ளலாம். உப்புத்தாள் போட்டு விளிம்புகளை மழுக்கச் சொல்லுங்கள். விகிதம் மட்டும் பிசகக்கூடாது. பிசகினால் நான்கு சேர்ந்து ஒன்றுக்குச் சமமாகாது. ஆட்டம் முடிந்ததும் கட்டைகளை நீளவாரியாக அலமாரியில் அடுக்குவதையும் குழந்தையிடமே விடுங்கள். வகை பிரிப்பதும் கணக்குதான்.