பின்னிருப்பவர் நலம்

தொண்டை நாட்டின் வடபால், ஆந்திர எல்லையை அடுத்து விளங்கும் மலைநகர் திருத்தணிகை. முருகன் கோயில் கொண்டுள்ள இக்குன்றுக்குப் படி வழியாக ஏறுவோரும் உளர். மலைப்பாதையில் ஊர்தி ஏறிச் செல்வோரும் உளர். சென்னையிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து, மோட்டார் சைக்கிளில் இருவராக வருவோரை இந்நகரில் நாள்தோறும் காணலாம். முன்னிருப்பவர் மகனாயின், பின்னிருப்பவர் தாயாகவோ தந்தையாகவோ இருப்பர். முன்னிருப்பவர் சாலையைக் காண்கிறார், கைப்பிடியைப் பற்றியுள்ளார். பின்னிருப்பவருக்கோ பள்ளம் வருவது தெரியாது, பற்றுக்கோடும் குறைவு. ஆகவே, வண்டியைச் செம்மை செய்ய விரும்புவோர் பின்னிருப்பவர் நலத்தையே முதற்கண் கருதுதல் வேண்டும்.

மாட்டுவண்டி ஓட்டியோர் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் சமக்காளம் விரித்து, முன்பாரமும் பின்பாரமும் சரிபார்த்த பின்னரே புறப்படுவர். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலெழும். மோட்டார் சைக்கிளின் இயல்பும் இதுவே. பின்னிருக்கையில் ஒருவர் அமர்ந்ததும் சுமையின் பெரும்பகுதி பின்சக்கரத்தைச் சாரும், முன்சக்கரம் இலேசாகும், கைப்பிடியின் உறுதி குறையும், முகவிளக்கின் ஒளி மேல்நோக்கி எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும். வண்டியை நிறுத்தவும் அதிகத் தொலைவு வேண்டும்.

இங்கிலாந்து நாட்டு ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955 இல் கூட்டாகத் தொடங்கிய தொழிலின் பயனாய், சென்னைத் திருவொற்றியூரில் 'புல்லட்' வண்டிகள் உருவாயின. அவ்வண்டிகள் நெடும்பயணத்திற்குப் பெயர் பெற்றன. அத்தகைய வண்டியிலும் இருவருக்கேற்ற திருத்தங்கள் சில வேண்டும்.

முதலாவது, பின்சக்கரத்தின் இருபுறமும் உள்ள அதிர்வு தாங்கிகள். இவற்றின் சுருள்வில்லை இறுக்கவும் தளர்த்தவும் பல வண்டிகளில் வளையம் உண்டு. இருவர் செல்லும்போது அதனை இறுக்குதல் வேண்டும். இல்லையேல் பள்ளந்தோறும் வில் முழுதும் அமுங்கி, பின்னிருப்பவரின் முதுகெலும்பைத் தாக்கும். சக்கரத்தின் காற்றழுத்தத்தையும் கையேட்டில் இருவருக்கெனக் குறித்த அளவிற்கு உயர்த்துக.

இரண்டாவது, இருக்கை. என் அனுபவம் ஒன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். உறவினர் ஒருவரின் வண்டியில் பின்னமர்ந்து சென்னைக்குச் சென்றேன். மெத்தை மிக மென்மையாக இருந்தது. ஆனால் அது முன்புறம் சரிந்திருந்தமையால், வண்டி நிற்குந்தோறும் நான் அவர் முதுகின்மேல் சாய்ந்தேன். கால் தாங்கிகளும் மிக உயரத்தில் இருந்தன. இறங்கியபோது முழங்கால் நீளவில்லை. மென்மை வேறு, நலம் வேறு என்பதை அன்று உணர்ந்தேன். இருக்கை சமமாகவும், அகலமாகவும், உடலைத் தாங்கும் உறுதியுடனும் இருத்தல் வேண்டும். முழங்கால் மிக மடங்காத உயரத்தில் கால் தாங்கியும், இடுப்பைத் தாங்கும் சாய்மானமும் அமைதல் நன்று.

மூன்றாவது, காப்பு. சேலைத் தலைப்போ துப்பட்டாவோ சுழலும் சக்கரத்தில் சிக்கினால், நொடிப்பொழுதில் உயிருக்கே கேடு விளையும். இதனைத் தடுக்கவே, பின்னிருப்பவர்க்குக் கைப்பிடியும், கால் தாங்கியும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் காப்பும் வேண்டுமென 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் பணிக்கின்றன. 'சாரி கார்டு' என மக்கள் வழங்கும் இக்காப்பை அழகு கருதிக் கழற்றி எறிவோர் உளர். அஃது அறியாமையாகும். தலைக்கவசமும் இருவருக்கும் உரியது.

திருத்தத்திற்கும் எல்லை உண்டு. பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறுபட வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது. ஆதலின் சட்டகத்தை வெட்டுதலும் ஒட்டுதலும் கூடா. கனத்த பெட்டிகளைப் பின்கோடியில் ஏற்றுதலும் தகாது. அது பின்பாரத்தை மேலும் பெருக்கும்.

மாணவர்களே! நீங்கள் வளர்ந்து வண்டி ஓட்டும் காலத்தில், நெடும்பயணத்திற்கு முன்னர் ஒருமுறை பின்னிருக்கையில் நீங்களே அமர்ந்து, வேறொருவரை ஓட்டச் செய்து பாருங்கள். எங்கே உறுத்துகிறது, எதைப் பற்றுவது என்பன அப்போது தாமே விளங்கும். நம்பித் தம்மை ஒப்படைத்து அமர்ந்திருப்பவரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தலே நல்ல ஓட்டுநரின் முதற் கடமை.