காரும் குப்பையும்

கார் என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. முகிலுக்குக் கார் என்பது பெயர். கருமைக்கும் அதுவே பெயர். ஆவணியும் புரட்டாசியுமாகிய இரு திங்கள்களைக் கார்காலம் என்றனர் இலக்கண நூலார். கார்நெல் என்று ஒரு நெல்லும் உண்டு. இவ்வளவும் போதாவென்று ஆங்கிலத்திலிருந்து நாலு சில்லோடு ஒரு கார் வந்து நம் வாயில்களிலே நிற்கின்றது. வந்த சொல் இருந்த சொல்லோடு ஓசையில் ஒத்துப்போயிற்று. செயலிலும் ஒத்துப்போயிற்றோ என்ற ஐயம் வீதியிலே நடப்பார்க்குச் சில வேளை எழுவதுண்டு. முகிலாகிய கார் வானத்தில் ஓடிக்கொண்டே பொழிகின்றது. சில்லுடைய காரும் வீதியில் ஓடிக்கொண்டே பொழிகின்றது. முன்னது பொழிவது நீர். பின்னது பொழிவது பொலித்தீன் பை, பிஸ்கற் உறை, தயிர்க் கோப்பை, வெறும் போத்தல்.

காரின் உள்ளிடத்தைக் குப்பையின்றி வைத்திருப்பது எப்படி என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். இது பண்டிதன் ஒருவன் எழுதத்தக்க பொருளோ என்று வினவுவார் உளராகலாம். தூய்மையைப் பேசும் நீதிநூல்களுக்கு வகுப்பறையில் உரை சொல்லிவிட்டு, பாடசாலை வாயிலில் காரேறும்போது அவ்வுரையை மறந்துவிடுதல் ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. ஆதலின் எழுதத்தக்கதே.

முதற்கண் குப்பை என்ற சொல்லை நோக்குவோம். இன்று இச்சொல்லைக் கேட்டவுடன் மூக்கைப் பொத்துகின்றோம். பண்டைத் தமிழில் இதற்கு அவ்வளவு இழிவு இல்லை. குவியல் என்பதே இதன் பொருள். நெற்குவியலும் குப்பை, உப்பளத்தில் குவித்த உப்பும் குப்பை. பிற்காலத்தில் இச்சொல் தோட்டக்காரனிடம் போய் எருவாயிற்று. யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண்ணிலே வெங்காயமும் புகையிலையும் செழித்தமைக்குக் குப்பையும் ஒரு காரணம். வண்டிக் கணக்கில் விலை கொடுத்து வாங்கித் தோட்டத்திலே பரப்பிய குப்பை அது. விலைபோகாத கழிவுக்குக் கஞ்சல் என்று வேறொரு சொல்லை நம்மவர் வைத்திருந்தனர். அக்கஞ்சலும் பெரும்பாலும் சருகும் ஈர்க்கும் வைக்கோற் கூளமுமேயாம். ஒரு மழை கண்டால் மண்ணாகிவிடும்.

இதனை ஏன் விரித்துரைத்தோமெனின், எறியும் பழக்கத்துக்கு வேர் இங்கேதான் இருக்கின்றது. மாட்டுவண்டி கட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போன நம் பாட்டனார் வழியிலே கட்டுச்சோறு உண்டார். உண்டபின் வாழையிலையை வேலியோரம் எறிந்தார். அவர் எறிந்ததை ஆடு தின்றது. எஞ்சியதை மண் தின்றது. அவர்மேற் குற்றமில்லை. பேரனும் அவ்வாறே எறிகின்றான். கை பழைய கை. வீச்சும் பழைய வீச்சு. எறியப்படும் பொருள் மட்டுமே புதியது. அதனை ஆடு தின்றால் ஆடு சாகும். மண்ணோ தின்னவே மாட்டாது. பொருள் மாறியபின்னும் பழக்கம் மாறாதிருத்தலே இக்கேட்டுக்கு முதற்காரணம் என்க.

நிற்க. கார் வைத்திருப்போரை இவ்விடயத்தில் இரு வகையினராகப் பிரிக்கலாம். ஒரு வகையினர் உலோபிகள். மற்றொரு வகையினர் வள்ளல்கள்.

உலோபி தன் காருள் வந்த எதனையும் வெளியே போக விடான். சென்ற ஆண்டுப் பெற்றோல் பற்றுச்சீட்டு முன்பக்க லாச்சியில் இருக்கும். கடலைக் கோது ஆசன இடுக்கில் இருக்கும். பிள்ளை பாதி கடித்த பணிஸ் பின்னாசனத்தின் கீழே எறும்புக்கு அன்னசத்திரமாய் இருக்கும். கோயிலிற் பெற்ற பூவும், ஒரு செடியின் அடியில் இடவேண்டிய அது, கண்ணாடியின் கீழே கருகிக் கிடக்கும். தண்ணீர்ப் போத்தல்கள் காலடியில் உருண்டு திரியும்.

இந்த உருளும் போத்தலை எளிதாக எண்ணல் கூடாது. அது ஆசனத்தின் கீழிருந்து உருண்டு சாரதியின் காலடிக்கு வந்து பிறேக் மிதியின் பின்னே சிக்கிக்கொண்டால், மிதி இறங்காது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடும். போத்தல் எங்கே என்று இரண்டு செக்கன் குனிந்து பார்த்தால், 33 மீற்றர் தூரம் கண்ணில்லாத கார் ஓடிற்று என்பது கணக்கு. அவ்வளவு தூரத்துள் ஒரு பாடசாலை வாயிலும் வீதியைக் கடக்கும் ஒரு பிள்ளையும் அடங்கிவிடக்கூடும். கார் சடுதியாக நின்றால் உள்ளே கட்டப்படாது கிடக்கும் பொருள்கள் அதே வேகத்தோடு முன்னே பாயும் என்பதும் பௌதிகம் படித்த மாணவர் அறிந்ததே.

வெப்பமும் ஒரு பகை. நம் நாட்டு வெயிலிலே கண்ணாடிகளை மூடி நிறுத்திய காரின் உள்வெப்பம் அரைமணி நேரத்தில் 45 பாகை செல்சியசைக் கடந்துவிடும். அந்த வெப்பத்திலே மிஞ்சிய சோறும் பாலும் புளித்து நாறும். சிகரெற் பற்றவைக்கும் கருவியும், அழுத்தி அடைத்த வாசனைப் பேணியும் வெடிக்கவும் கூடும். உணவு நாற்றத்தைத் தேடிக் கரப்பானும் எலியும் வரும். வந்த எலி உணவோடு நில்லாது மின்கம்பியையும் சுவை பார்க்கும். மாரிகாலத்திற் சேற்றுக் காலோடு ஏறி, நனைந்த மிதியை உலர்த்தாமல் விட்டாற் பூஞ்சணம் பிடிக்கும். கண்ணாடியை மூடிக் குளிர்காற்றை ஓடவிடுவோர் அந்தப் பூஞ்சணக் காற்றையே திரும்பத் திரும்பச் சுவாசிக்கின்றனர்.

இனி வள்ளலின் செய்தி. இவனுடைய கார் கண்ணாடிபோல் இருக்கும். உள்ளே ஒரு துரும்பைக் காண முடியாது. காரணம், எல்லாவற்றையும் வீதிக்குத் தானம் செய்துவிடுகின்றான். யன்னற் கண்ணாடி சற்றே இறங்கும். ஒரு கை வெளியே நீளும். ஏதோ ஒன்று பறக்கும். கண்ணாடி மீண்டும் ஏறும். முல்லைக்கொடி தளர்வது கண்டு தேரையே விட்டுச் சென்றான் பாரி. நம் வள்ளலோ தேரிலிருந்தபடியே முல்லைக்குப் பொலித்தீன் பை ஈகின்றான். வேலிகளிலே அந்த ஈகை காற்றில் ஆடிக்கொண்டிருப்பதை வீதியோரமெங்கும் காணலாம்.

உலோபியால் வரும் கேடு பெரும்பாலும் அவன் காரோடு நிற்கும். வள்ளலால் வருவது ஊரெங்கும் பரவும். வெளியே எறிந்த தயிர்க் கோப்பையில் ஒரு மழை நீர் தேங்கினால் போதும். டெங்கு நுளம்பு அதிலே முட்டையிடும். முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் செல்லும். நீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த மழையிற் பொரிக்கும். 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 180,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். 400 பேருக்கு மேல் உயிரிழந்தனர். எறிந்தவன் கோப்பையை மறந்துவிடுகின்றான். நுளம்பு மறப்பதில்லை.

அதே 2017 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளில், ஏப்பிரல் 14 ஆந் திகதி, கொழும்பின் அயலிலுள்ள மீதொட்டமுல்லயிற் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. 30 பேருக்கு மேல் மாண்டனர். நாம் தூர எறிந்தோம் என்று எண்ணுவது யாரோ ஒருவருடைய வீட்டின் அருகே போய்க் குவிகின்றது என்பதற்கு இதனினுங் கொடிய சான்று வேண்டுவதில்லை. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாத்திக்கைத் தின்று எட்டாண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் இறந்தன என்ற செய்தி 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்தது. காட்டரசனாக வாழ்ந்த விலங்கு நம் சோற்றுப் பொட்டலத்தின் உறையால் வீழ்ந்தது.

ஆகவே, குப்பையைக் காருள் வைத்திருத்தலும் தவறு. வெளியே எறிதலும் தவறு. வைத்திருந்து, உரிய இடத்திற் சேர்த்தலே முறை. காரியமோ மிக எளிது.

முதலாவது, காரில் குப்பைக்கென்று ஒரு கலம் இருத்தல் வேண்டும். கலம் இல்லாத இடத்தில் அறிவுரை நிலைக்காது. முன்னாசனத்தின் முதுகிற் கொழுவிய ஒரு துணிப்பை போதும். சாரதியின் காலடியில் மட்டும் அதனை வைத்தல் ஆகாது. ஈரமானவற்றுக்கு மூடியுள்ள சிறு பெட்டி ஒன்று வேறாக இருந்தால் நன்று. வாழைப்பழத் தோலும் கடதாசியும் ஒன்றாகக் கிடந்தால் இரண்டும் கெடும். பிரித்து வைத்தால் தோல் தென்னையடிக்கு எருவாகும்.

இரண்டாவது, வீடு வந்திறங்கும்போது வெறுங்கையோடு இறங்குதல் கூடாது என்பதை விதியாகக் கொள்ளல் வேண்டும். கையோடு ஏறியது கையோடு இறங்க வேண்டும். நாடோறும் அரை நிமிடம் செய்யும் வேலையை மாதம் ஒருமுறை செய்யப் புகுவோர்க்கு அது அரைநாள் வேலையாகிவிடும்.

மூன்றாவது, கிழமைக்கொரு நாள் கதவுகளைத் திறந்துவைத்துத் துப்புரவு செய்தல் வேண்டும். இதற்கும் ஒரு முறைவைப்பு உண்டு. மிதிகளை முதலில் வெளியே எடுத்து உதறுக. பின்னர் மேலிருந்து கீழாக வருக. முன்பலகையைத் துடைத்தபின் ஆசனம்; ஆசன இடுக்குகளைத் தூரிகையாற் கோதியபின் தளம். தளத்தைக் கூட்டிவிட்டு மேலே தட்டுவோர், கற்பிக்குமுன் பரீட்சை வைக்கும் ஆசிரியரை ஒப்பர். மிதிகள் வெயிலில் நன்கு உலர்ந்தபின்னரே உள்ளே போகலாம். லாச்சியில் இருக்கத்தக்கவை வாகனப் பத்திரங்களும் ஒரு துடைக்குந் துணியுமே. பழைய பற்றுச்சீட்டுகளுக்கு அது சுவடிச்சாலையன்று.

இவ்விடத்தில் நல்லதொரு காட்சியையும் சொல்லவேண்டும். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வான் ஒன்றின் கதவோரத்திலே பனையோலைப் பெட்டி ஒன்று கட்டப்பட்டிருக்கக் கண்டேன். இறங்கும் பிள்ளைகள் ஒவ்வொருவராய் இனிப்புக் கடதாசியை அதிலே போட்டுவிட்டு இறங்கினர். அறிவித்தல் ஒன்றும் எழுதி ஒட்டப்படவில்லை. சாரதியைக் கேட்டேன். "எழுதி ஒட்டினால் வாசிப்பினம் ஐயா, பெட்டியைக் கட்டினால் போடுவினம்" என்றார். கல்வி உளநூல் இரண்டு தொகுதியிலே விளக்க முயலும் உண்மையை அவர் இரண்டு வாக்கியத்திலே முடித்துவிட்டார்.

சட்டத்தாலும் சில செய்யலாம். சிங்கப்பூரிலே 1968 ஆம் ஆண்டு ஒக்டோபரில் நகரைத் தூய்மையாக வைத்திருக்கும் இயக்கம் அரசாங்கத்தாற் தொடங்கப்பட்டது. எறிந்தவர் தண்டம் இறுத்தனர். நம் நாட்டிலும் 2017 செப்தெம்பர் முதலாந் திகதி தொடக்கம் சோறு கட்டும் பொலித்தீன் தாளும் அதுபோன்ற சிலவும் தடைசெய்யப்பட்டன. 2025 சனவரி முதல் நாளிலே தூய்மையான இலங்கை என்ற பெயரில் ஒரு தேசியத் திட்டம் தொடங்கிற்று. இவையெல்லாம் வேண்டியனவே. ஆயினும் ஆளில்லாத வீதியில், இரவு வேளையில், தனியே செல்லும் காரின் யன்னலருகே எந்தப் பொலிசுக்காரனும் நிற்பதில்லை. அங்கே நிற்கவல்லது இளமையிற் பதிந்த பழக்கம் ஒன்றே.

அப்பழக்கம் பதிகின்ற இடமும் காரேயாகும். பின்னாசனத்தில் இருக்கும் பிள்ளை கையிலே வெறும் உறையை வைத்துக்கொண்டு, "அப்பா, இதை என்ன செய்ய?" என்று கேட்கின்றது. அந்த ஒரு கணத்தில் தந்தையே ஆசிரியர். "வெளியே எறி" என்று அவர் சொன்னால், தூய்மை பற்றி நாம் ஓராண்டு நடத்திய பாடம் அந்த யன்னல் வழியே பறந்துபோகின்றது. "பையிலே போடு, வீட்டிலே எறிவோம்" என்றால், நாம் நடத்தாத பாடமும் அங்கே நடந்துவிடுகின்றது. பிள்ளை கேட்பது ஒருமுறைதான். மறுமுறை கேளாது, தந்தை சொன்னதைச் செய்யும்.

வையம் என்றொரு தமிழ்ச் சொல் உண்டு. அகராதியைப் புரட்டினால் அதற்கு உலகம் என்றும் பொருள் இருக்கும். தேர், வண்டி என்றும் பொருள் இருக்கும். இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய மரபு நம்முடையது. சிறிய வையத்தைத் தூய்மையாக்குவதற்காகப் பெரிய வையத்தை அழுக்காக்குகின்றவன் அச்சொல்லின் பாதிப் பொருளை மட்டுமே அறிந்தவன். முகிலாகிய கார் கடலில் முகந்ததைச் சுமந்து வந்து வயலிலே சேர்க்கின்றது. நம் காரும் தான் ஏற்றியதைச் சுமந்து சென்று சேரவேண்டிய இடத்திற் சேர்க்கட்டும்.